தாழக் கட்டிய கம்பி

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஆர்ட்ராசன் என்று ஒரு சின்னத் துறைமுக ஊர். 1921 டிசம்பரில் அந்த ஊருக்கு வெளியே ஒரு வயல்வெளியில் கூடாரம் அடித்து, குளிரிலும் மழையிலும் இரவு முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் பால் காட்லி என்ற அமெரிக்கர். கூடாரத்திலிருந்து புறப்பட்ட ஒரு கம்பி, வரிசையாக நட்ட பத்துக் கம்பங்களின் மேல் 1300 அடி ஓடி, கடைசியில் ஒரு ரெசிஸ்டர் வழியாக மண்ணுக்குள் இறங்கியது. கம்பங்களின் உயரம் 12 அடிதான். ஏரியல் என்றால் உயர உயரப் போக வேண்டும் என்று எல்லோரும் நம்பியிருந்த காலம் அது. 1901இல் மார்க்கோனி நியூபவுண்ட்லாந்தின் சிக்னல் ஹில்லில் பட்டம் விட்டு, அதோடு கம்பியை மேலே ஏற்றித்தான் கார்ன்வாலிலிருந்து வந்த மூன்று புள்ளிகளைக் கேட்டார். காட்லி அதே அட்லாண்டிக்கின் இந்தக் கரையில், மாட்டு வண்டியில் வைக்கோல் ஏற்றிப் போனால் உரசும் உயரத்தில் கம்பியைக் கட்டிவிட்டு அந்தக் கரையைக் கேட்கக் காத்திருந்தார்.

ஹாம் என்று தங்களை அழைத்துக்கொள்ளும் அமெச்சூர் வானொலிக்காரர்கள் எல்லோருக்கும் அந்த வயலைப் பற்றித் தெரியும். ஆனால் அங்கே நடந்ததைச் சொல்லும்போது ரிசீவரைப் புகழ்வார்கள், வால்வைப் புகழ்வார்கள், கம்பியை ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். நான் தொலைபேசித் துறையில் கம்பம் நட்டு, ஸ்டே கட்டி, குண்டு மாட்டிக் கம்பி இழுத்தே வாழ்ந்தவன். அந்தக் கம்பிக்கு உரிய மரியாதை இன்னும் கிடைக்கவில்லை என்று எனக்கு நெடுநாளாக ஒரு ஆதங்கம் உண்டு.

காட்லி அங்கே போக வேண்டிவந்த கதை 1912இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு அமெரிக்கா இயற்றிய வானொலிச் சட்டம் அமெச்சூர்களை 200 மீட்டருக்குக் கீழே தள்ளியது. அலைநீளம் கூடக்கூடத்தான் தூரம் போகும் என்பது அன்றைய பாடம். கப்பல் கம்பெனிகளும் கடற்படையும் அதைவிட நீண்ட அலைகளை எடுத்துக்கொண்டன. 200 மீட்டர் யாருக்கும் வேண்டாத புறம்போக்கு. அங்கே போய் விளையாடுங்கள், கொஞ்ச நாளில் நீங்களே ஓய்ந்துவிடுவீர்கள் என்பதுதான் சட்டத்தின் உட்பொருள். 200 மீட்டர் என்றால் 1500 கிலோஹெர்ட்ஸ். இன்றைய ரேடியோப் பெட்டியில் மீடியம் வேவ் முள்ளை வலது ஓரத்துக்குத் தள்ளினால் வரும் இடம்.

அமெச்சூர்கள் ஓயவில்லை. ஹிராம் பெர்சி மேக்சிம் 1914இல் ஏஆர்ஆர்எல் சங்கத்தைத் தொடங்கினார். ஊருக்கு ஊர் செய்தியைக் கைமாற்றி அமெரிக்காவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கொண்டுபோனார்கள். அடுத்து கடல். 1921 பிப்ரவரியில் குறித்த நேரத்தில் அமெரிக்க நிலையங்கள் அனுப்ப, பிரிட்டனில் பலர் காத்திருந்து கேட்டார்கள். ஒன்றும் விழவில்லை. அமெரிக்கர்கள் உங்கள் ரிசீவர் சரியில்லை என்றார்கள், பிரிட்டிஷ்காரர்களுக்கு அது உறைத்தது. ஆகவே சங்கமே தன் ஆளை அனுப்பியது. பாரகான் என்ற புகழ்பெற்ற ரிசீவரை வடிவமைத்த காட்லி, நவம்பரில் அக்விட்டானியா கப்பலில் புறப்பட்டார். எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1918இல் பாரிஸில் ராணுவ அதிகாரியாக இருந்தபோது கண்டுபிடித்த சூப்பர்ஹெட்டரோடைன் முறையில் ஒரு ரிசீவரும் அவரோடு போனது.

டிசம்பர் இரண்டாம் வாரத்தில் அந்தக் கூடாரத்துக்குள் அமெரிக்க நிலையங்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன, இருபதுக்கும் மேல். கனெக்டிகட் மாநிலத்தின் கிரீன்விச்சில் ஆம்ஸ்ட்ராங்கும் நண்பர்கள் ஐவரும் சேர்ந்து இதற்கென்றே கட்டிய 1 பிசிஜி என்ற நிலையத்திலிருந்து டிசம்பர் 11 அன்று முழுச் செய்தியே வந்தது. வாழ்த்துச் சொல்லி அறுவரும் கையெழுத்திட்ட செய்தி. ஏறக்குறைய 1 கிலோவாட், சுமார் 230 மீட்டர் அலை. வேண்டாமென்று ஒதுக்கிய அலை அட்லாண்டிக்கைத் தாண்டிவிட்டது.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் அமெச்சூர்கள் சிலரும் தங்கள் வீட்டு ஏரியலிலேயே அந்த வாரம் அமெரிக்காவைக் கேட்டார்கள். அப்படியானால் கம்பியால் என்ன பயன் என்று கேட்கலாம். எண்ணிக்கையைப் பாருங்கள். அவர்கள் கேட்டது சில நிலையங்களை. ஒரே கூடாரத்தில், ஊர்பேர் தெரியாத வயலில், வந்திறங்கிய சில நாளிலேயே ஒருவர் இரவுக்கு இரவு அத்தனை நிலையங்களைக் குறித்தெடுத்தார் என்றால், நல்ல காதும் நல்ல ரிசீவரும் மட்டும் போதாது.

அந்தக் கம்பியைக் கண்டுபிடித்தவர் ஹெரால்டு பெவரேஜ். மெய்ன் மாநிலத்தின் நார்த் ஹேவன் என்ற தீவில் 1893இல் பிறந்தவர். மெய்ன் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு ஜெனரல் எலெக்ட்ரிக்கில் அலெக்சாண்டர்சனிடம் வேலைக்குச் சேர்ந்தார். அன்று கடல் கடந்த தந்தி முழுக்க நீண்ட அலையில், பத்து கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அலைநீளங்களில் நடந்தது. அனுப்புவதில் பிரச்சினை இல்லை, இருநூறு கிலோவாட் ஆல்டர்னேட்டர் இருந்தது. கேட்பதில்தான் தொல்லை. ஐரோப்பாவிலிருந்து வரும் குறியைக் கேட்கவொட்டாமல் வெப்ப மண்டலத்து இடிமின்னலின் கரகரப்பு வந்து மூடிவிடும். பெவரேஜ் கவனித்தது இதைத்தான்: ஐரோப்பா வடகிழக்கில் இருக்கிறது, கரகரப்பில் பெரும்பங்கு தென்மேற்கிலிருந்து வருகிறது. ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு மறுபக்கத்தை விழுங்கிவிடும் ஏரியல் கிடைத்தால் போதும்.

தரையை ஒட்டி நீளமாகப் போடும் கம்பி அதைச் செய்கிறது என்று அவர் கண்டார். காரணம் மண்ணில் இருக்கிறது. செங்குத்தாக நிமிர்ந்து வரும் அலை, மின்சாரத்தை நன்றாகக் கடத்தாத நிலத்தின் மேல் போகும்போது அதன் அடிப்பக்கம் பின்தங்கும். சேற்று வயலில் கால் பதியப் பதிய நடப்பவன் உடம்பு முன்னே சாய்வதுபோல அலையும் சாயும். அந்தச் சாய்வினால் கிடந்த கம்பியிலும் அலை கொஞ்சம் மின்னழுத்தத்தை எழுப்பும். அலையும் கம்பியில் ஓடும் மின்னோட்டமும் கூடவே நடந்துவந்தால் ஒவ்வொரு அடியிலும் அது சேர்ந்து பெருகி, ரிசீவர் இருக்கும் முனைக்கு வந்து சேரும். எதிர்ப்பக்கத்திலிருந்து வருவதும் அப்படியே பெருகும், ஆனால் அது சேர்வது மறுமுனைக்கு. அங்கே ஒரு ரெசிஸ்டரை வைத்து மண்ணில் இறக்கினால் கரகரப்பு அதில் சூடாகிக் கரைந்துபோகும்.

1921 ஜூனில் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. லாங் ஐலண்டின் ரிவர்ஹெட்டில் ஆர்சிஏ கம்பெனி இந்த முறையில் சுமார் 9 மைல் நீளத்துக்குக் கம்பி இழுத்து ஐரோப்பியத் தந்தி முழுவதையும் அங்கே கேட்டது. பார்க்கிறவர்களுக்கு அது ஒரு சாதாரணத் தந்திக் கம்ப வரிசை. அதுவே ஏரியல் என்று சொன்னால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். 1923இல் செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெல்லாக் இருவரோடும் சேர்ந்து பெவரேஜ் எழுதிய கட்டுரை இன்றும் இந்தத் துறைக்கு மூலநூல். (ரைஸும் கெல்லாகும் இரண்டு வருடம் கழித்து நாம் இன்று பாட்டுக் கேட்கும் ஒலிபெருக்கியின் மூல வடிவத்தைக் கொடுத்தார்கள். கேட்பதற்கென்றே பிறந்த கூட்டம்.) பெவரேஜ் 99 வயது வரை, 1993 வரை வாழ்ந்தார்.

அவருடைய கண்டுபிடிப்பில் எனக்குப் பெரிதாகப்படுவது ஒன்று. இந்தக் கம்பி அனுப்புவதற்குத் துளியும் உதவாது. போட்ட மின்சாரத்தில் பெரும்பகுதி மண்ணுக்கும் ரெசிஸ்டருக்கும் போய்விடும். கேட்கும்போதுகூட உயரமான ஏரியலைவிடக் குறி மெலிந்துதான் வரும். ஆனால் இரைச்சல் அதைவிட அதிகமாக மெலிந்துவிடும். தாழ்ந்த அலைகளில் குறியின் பலம் ஒரு பொருட்டே அல்ல, குறிக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளிதான் எல்லாம். பேச ஒரு கம்பி, கேட்க வேறொரு கம்பி. 1921லேயே காட்லி அதை வயலில் நிரூபித்துக் காட்டிவிட்டார்.

பிறகு நடந்தது வருத்தமான கதை. 1923 நவம்பரில் பிரான்சின் நீஸ் நகரத்து லியோன் டெலுவாவும் அமெரிக்காவின் ஃபிரெட் ஷ்னெல்லும் 100 மீட்டர் சுமாரில் இருவழியாகப் பேசிவிட்டார்கள். ஒரே குளிர்காலத்தில் ஹாம்கள் கூட்டம் கூட்டமாகச் சிற்றலைக்குப் போய்விட்டார்கள். அங்கே சின்னக் கம்பி போதும், கேட்கவும் பேசவும் ஒன்றே போதும். நீளக் கம்பி காட்லியின் வயலோடு நின்றுபோனது. 160 மீட்டர் என்று பின்னால் பெயர் பெற்ற அந்தப் பழைய வீட்டில் விளக்கேற்றி வைத்தவர்கள் சிலரே.

அவர்களில் முதல்வர் ஸ்டூ பெரி. பாஸ்டனை ஒட்டிய விந்த்ராப் என்ற கடலோர ஊர்க்காரர், நிலையத்தின் பெயர் டபிள்யூ 1 பிபி. 1930களின் தொடக்கத்தில் 160 மீட்டரில் அட்லாண்டிக் தாண்டும் சோதனைகளைத் தொடங்கினார். குளிர்கால விடியலில் ஐந்து நிமிடம் இந்தக் கரை அழைக்கும், அடுத்த ஐந்து நிமிடம் அந்தக் கரை அழைக்கும். போருக்குப் பிறகு கப்பல்களுக்கு வழிகாட்டும் லோரான் நிலையங்கள் அந்த அலைவரிசையிலேயே வந்து உட்கார்ந்து படபடவென்று இரைந்தன, ஹாம்களின் வாட்டேஜையும் இடத்தையும் அரசு குறைத்தது. அமெரிக்காவில் அந்த லோரான் ஓய 1980 ஆனது. அத்தனை வருடமும் பெரி விடவில்லை. ஊர்த் தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்தில் அனுப்பும் கம்பியைக் கட்டினார், கேட்பதற்கு வேறு கம்பிகளைத் தேடினார், கேட்டதையெல்லாம் சுற்றறிக்கையாக எழுதி உலகத்துக்கே அனுப்பினார். 160 மீட்டரில் நூறு நாடுகளைத் தொட்டதற்கான முதல் சான்றிதழ் 1976இல் அவருக்குத்தான் கிடைத்தது. இன்றும் டிசம்பரில் அவர் பெயரால் ஒரு போட்டி நடக்கிறது. பெல்ஜியத்தின் ஜான் டெவால்டெர் தாழ்அலைக்கென்று எழுதிய பெரிய புத்தகம் வந்த பிறகு, பெவரேஜின் கம்பி மறுபடியும் தோட்டந்தோட்டமாக ஓடத் தொடங்கியது.

என் ஊர் உடன்குடிப் பக்கம். செம்மண் தேரி. அரித்து அரித்து நகரும் சிவப்பு மணல், உடை மரம், கண்ணுக்கெட்டின தூரம் பனை. ஈரம் நிற்காத அந்த மணல் மின்சாரத்தைக் கடத்தாது. பெவரேஜின் கட்டுரையைப் புரிந்து படித்தபோது, அவர் கேட்கிற மண் இதுதானே என்று தோன்றியது. ரிவர்ஹெட்டும் மணல் பூமிதான்.

பணி ஓய்வுக்குப் பிறகு உறவுக்காரர் ஒருவரின் பனைவிளையில் கம்பி இழுத்தேன். தென்கிழக்கு முனையில் ஓலைக் கொட்டகையில் ரிசீவர், அங்கிருந்து வடமேற்கே ஐரோப்பாவைப் பார்த்து ஏறக்குறைய 180 மீட்டர். ஒரு அலைநீளத்துக்குக் கொஞ்சம் மேல். நேர்கோட்டில் வரும் பனைகளாகப் பார்த்துப் பார்த்து, மரத்தில் சைக்கிள் டியூப்பைச் சுற்றி, அதன்மேல் பிவிசி குழாய்த் துண்டைக் கட்டி, துண்டுக்குள் கம்பியைக் கோத்தேன். பனையில் ஆணி அடிக்க விளைக்காரருக்கு மனமில்லை, எனக்கும் இல்லை. உயரம் தலைக்கு மேல் ஒரு முழம். அதற்கும் தாழ்த்தியிருப்பேன், ஆனால் உடங்காய் உலுப்ப ஆட்டுக்காரர்கள் தொரட்டியோடு வருவார்கள்.

"அண்ணாச்சி, இதுல கரண்டு ஓடுதா? ஆடு உரசினா என்ன ஆகும்?" என்று ஒருவர் கேட்டார்.

"ஒண்ணும் ஆகாது தம்பி. இது கேக்க மட்டுந்தான். தொட்டுப் பாரும்" என்றேன். தொட்டுப் பார்த்த பிறகுதான் ஆடுகளை உள்ளே விட்டார்.

கஷ்டமெல்லாம் எர்த்தில். கம்பியை விரும்பிய அதே வறண்ட மணல் எர்த் ராடை ஏற்காது. எத்தனை ஆழம் அடித்தாலும் காய்ந்த மணலில் குத்திய கம்பி குத்தினபடியே நிற்கும். கடைசியில் இரண்டு முனையிலும் தரையோடு நான்கு கம்பிகளை விசிறிபோல் விரித்து, அவற்றையே எர்த்தாக வைத்துக்கொண்டேன். மறுமுனையில் 470 ஓம் ரெசிஸ்டர். இந்த முனையில் ஃபெரைட் வளையத்தில் சுற்றிய ஒன்பதுக்கு ஒன்று டிரான்ஸ்பார்மர், அதிலிருந்து கோஆக்ஸ் கேபிள். இன்னொரு தடை எங்கள் வானொலி நிலையங்களே. 1053 கிலோஹெர்ட்ஸில் தூத்துக்குடி இலங்கைக்கும் கேட்க 200 கிலோவாட்டில் ஒலிபரப்பிவந்தது, 1197இல் திருநெல்வேலி. இவ்வளவு நீளக் கம்பியில் அந்த அலைகள் ஏறி வந்தால் ரிசீவர் திணறிப்போகும். 1700க்குக் கீழே உள்ளதையெல்லாம் வெட்டும் ஒரு ஃபில்டரைக் காயிலும் கண்டன்சருமாக நானே செய்து முன்னால் போட்டேன்.

தை மாதம் விடிகாலையில் கேட்க வேண்டும். ஐப்பசி கார்த்திகை இடி ஓய்ந்திருக்கும். அந்தப் பருவத்து மின்னல் நமக்குத் தென்கிழக்கே, இந்தோனேசியத் தீவுகளின் மேல் குவிந்திருக்கும். அது கம்பியின் முதுகுப் பக்கம். நமக்கு விடியும் நேரத்தில் ஐரோப்பா முழு இருட்டில் இருக்கும். பகலில் வானத்தின் கீழடுக்கு இந்த அலைகளை உறிஞ்சிவிடும், சூரியன் ஏறினால் ஆட்டம் முடிந்தது. அதற்கு முந்தைய அரைமணியில் குறிகள் ஒருமுறை பொங்கும். சாதாரண ஏரியலுக்கு ஸ்விட்சைத் தள்ளினால் வெறும் ஓ என்ற இரைச்சல். பெவரேஜுக்குத் தள்ளினால் மீட்டர் முள் விழும், இரைச்சல் இறங்கும், அந்த அமைதிக்கு அடியிலிருந்து மோர்ஸ் குறி தனியே தெரியும். நூறு வருடத்துக்கு முன் காட்லி கேட்டது இதைத்தான் என்று ஒவ்வொரு முறையும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

பதில் சொல்லப் போனால் அதே தேரி பகையாகிறது. நமக்கு அனுமதித்த 1820 முதல் 1860 கிலோஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் 40 மீட்டர் சுமார். அவ்வளவு உயரப் பனை கிடையாது. உச்சி வரை ஏற்றி, மிச்சத்தைப் பக்கத்து மரத்துக்கு இழுத்துக் கட்டும் தலைகீழ் எல் வடிவம்தான் வழி. கம்பியில் ஓடும் மின்னோட்டம் மண் வழியாகத் திரும்பி வர வேண்டும், காய்ந்த மணலில் அது சூடாகவே தொலைந்துபோகும். ஆர்சிஏவின் பிரவுன், லூயிஸ், எப்ஸ்டைன் மூவரும் 1937இல் இதை அளந்து எழுதினார்கள். கம்பத்தடியிலிருந்து நாலா பக்கமும் நூற்றுக்கு மேல் கம்பிகளைப் புதைத்தால்தான் மண் தின்பதை நிறுத்த முடியும் என்று தெரிந்தது. மீடியம் வேவ் நிலையங்கள் பல இன்றும் 120 கம்பி புதைக்கும் வழக்கம் அங்கிருந்து வந்தது. நான் புதைத்தது அதில் கால்வாசிகூட வராது. கிடைத்த அளவுக்குக் கிடைத்தது. ஒரே மண், கேட்பவனுக்கு வரம், பேசுபவனுக்குச் சாபம்.

இன்னும் கீழே இறங்கினவர்களும் உண்டு. பிரிட்டன் 1998இல் 136 கிலோஹெர்ட்ஸை ஹாம்களுக்குத் திறந்துவிட்டது, 2007இல் உலக மாநாடு 1 வாட் கதிர்வீச்சு வரம்போடு அதை எல்லோருக்கும் ஒதுக்கியது. அங்கே அலைநீளம் 2200 மீட்டர். வீட்டுத் தோட்டத்தில் 12 மீட்டர் உயரத்தில் கம்பி கட்டினால் அதன் கதிர்வீச்சுத் தடை ஒரு ஓமில் இருபதில் ஒரு பங்குகூட வராது, மண்ணின் தடையோ ஐம்பது, நூறு ஓம். ஆயிரம் வாட் கொடுத்தால் ஒரு வாட் வெளியே போவதே பெரிது. கம்பியை இசைக்க பிளாஸ்டிக் டிரம்மில் நாலைந்து மில்லிஹென்றிக் காயில் சுற்ற வேண்டும், கம்பி முனையில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஏறும். ஒரு புள்ளிக்கே அரை நிமிடம், ஒரு நிமிடம் எடுக்கும் மந்த மோர்ஸை அனுப்பி, கம்ப்யூட்டர் திரையில் கோடாக விழுவதைப் படித்தார்கள். அந்தப் பாதையை நீட்டித்து 2008இல் டபிள்யூஎஸ்பிஆர் என்ற முறையைக் கொடுத்தவர் ஜோசஃப் டெய்லர், பல்சர் ஆய்வுக்கு 1993இல் நோபல் பரிசு வாங்கிய அதே டெய்லர், அவரும் ஹாம்.

தாழ்அலைக் கம்பி எப்படி இருக்கும் என்று பார்க்க நம் பிள்ளைகள் வெளிநாடு போக வேண்டியதில்லை. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990இலிருந்து கடற்படை நிலையம் இயங்குகிறது. நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்ப 18.2 கிலோஹெர்ட்ஸ், பதினாறரைக் கிலோமீட்டர் அலை. இருநூறு மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கும் அந்தக் கோபுரங்கள் நாகர்கோவில் சாலையில் போகிறவர்களுக்குத் தொலைவிலிருந்தே தெரியும். அனுப்ப அவ்வளவு வேண்டும். கேட்க அவ்வளவு வேண்டாம்.

இந்தக் காலத்து இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். லைசென்ஸ் வாங்கின கையோடு எல்லோரும் கையடக்க செட்டோடு நின்றுவிடுகிறீர்கள். விளையோ வயலோ சொந்தத்தில் இருந்தால், தையில் கதிர் அறுத்த பிறகு, பங்குனியில் பதநீர்ப் பருவம் மும்முரமாகும் முன்னால் இரண்டு மாதம் நிலம் சும்மா கிடக்கும். அந்த இரண்டு மாதத்துக்கு ஒரு கம்பி இழுத்துப் பாருங்கள். பழைய தொலைபேசி டிராப் வயர் போதும், தலை உயரம் போதும், மறுமுனையில் 470 ஓம் ரெசிஸ்டரை மறக்காதீர்கள். கேட்டதைத் தேதியும் நேரமும் போட்டு நோட்டில் எழுதி வையுங்கள், தென்பாண்டி மண்ணில் 160 மீட்டர் எப்படிக் கேட்கிறது என்பதை எழுதிவைத்தவர்கள் மிகக் குறைவு.